உலர்ந்த கண்களின் வரலாறு: எழும்பூர் முதல் ஐயப்பன்தாங்கல் வரை



கண் உலர்கிறது, எரிகிறது, மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது என்று வீட்டில் யாரேனும் சொன்னால், "ஒரு சொட்டு மருந்து விட்டால் சரியாகிவிடும்" என்ற பதிலே முதலில் கிடைக்கிறது. மவுண்ட்–பூந்தமல்லி சாலையை ஒட்டிய ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், போரூர் பகுதிகளில் வாழும் குடும்பங்களுக்கு இந்தப் பேச்சு அன்றாடமாகிவிட்டது. பகல் முழுவதும் கணினித் திரை, போகவர இருசக்கர வாகனம், மெட்ரோ பாதைப் பணிகள் நடந்த ஆண்டுகளில் சாலையெங்கும் எழுந்த புழுதி, வீடு திரும்பினால் குளிரூட்டி, படுக்கும்வரை கைப்பேசி. இவற்றுக்கிடையே கண்ணின் ஈரம் குறைந்துபோவதில் வியப்பில்லை.

ஆனால் 'கண் வறட்சி' என்பது, நூறாண்டுகளுக்கு முன் இதே சென்னையில், ஏழைக் குழந்தைகளின் பார்வையை அடியோடு பறித்த ஒரு கொடிய நோயின் பெயராக இருந்தது. அந்த நோயை மருத்துவ உலகம் எவ்வாறு புரிந்துகொண்டது, தமிழ் மண் அதில் என்ன பங்கு வகித்தது என்பதை நம்மில் பலர் அறியோம். அந்த வரலாறு ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது: வறட்சி தெரிவது கண்ணில், அதன் வேர் இருப்பது வேறிடத்தில். வேரைத் தேடாமல் கண்ணில் மட்டும் மருந்திட்டுக்கொண்டிருந்தவர்கள் அன்றும் தோற்றார்கள், இன்றும் தோற்கிறார்கள்.

முன்னோர் அறிந்தவை

கண் நோய்களைப் பற்றிய அறிவு நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவ மரபு கண் நோய்களைத் தொண்ணூற்றாறு என்று வகுத்தது. பொன்னாங்கண்ணிக்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்பைத் தமிழ்நாட்டுப் பாட்டிமார் எவரும் சொல்லித் தருவர். பண்டைய எகிப்தியரும் கிரேக்கரும் மாலைக்கண்ணுக்கு ஆட்டு, மாட்டு ஈரலை மருந்தாகக் கூறினர். ஏன் பலிக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. பலிக்கிறது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

இஸ்லாமிய உலகில் கண் மருத்துவம் தனித் துறையாகவே வளர்ந்தது. கண் மருத்துவரை 'கஹ்ஹால்' என்றே அழைத்தனர். சுர்மாவைக் குறிக்கும் 'குஹ்ல்' என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பதினோராம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா எழுதிய 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' என்னும் நூல், நூற்று முப்பது கண் நோய்களை விவரித்தது. கண்ணின் அமைப்பு, வெளியே தெரியும் நோய்கள், உள்ளே மறைந்திருக்கும் நோய்கள் என மூன்று பகுதிகளாக அவர் அதைப் பிரித்தார். நோயைக் கண்ணால் கண்டு வகைப்படுத்திய பின்பே மருந்து என்ற ஒழுங்கு அந்நூலில் உண்டு. பல நூற்றாண்டுகள் கீழை உலகிலும் மேலை உலகிலும் அது பாடநூலாக விளங்கியதற்கு அந்த ஒழுங்கும் ஒரு காரணம்.

ஆனாலும் உலர்ந்த கண்ணின் மூலகாரணம் அவர்கள் காலத்தில் விளங்கவில்லை. அது விளங்க இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

எழும்பூரில் கண்ட காட்சி

1819ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் ஒரு கண் மருத்துவ நிலையத்தை நிறுவியது. லண்டனின் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனைக்குப் பின் தோன்றிய, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று அது. பின்னர் எழும்பூருக்கு இடம்பெயர்ந்து, இன்றும் அரசு கண் மருத்துவமனையாக இயங்குகிறது. 1945இல் இந்தியாவின் முதல் கண் வங்கியைத் தொடங்கிய பெருமையும் அதற்கு உண்டு. கண் புரையும் கண் நீர் அழுத்த நோயும் அங்கே பெருமளவில் அறுவை செய்யப்பட்டன. அங்கே பணியாற்றிய ராபர்ட் எலியட் கண் நீர் அழுத்த நோய்க்கு வகுத்த அறுவை முறை உலகெங்கும் பேசப்பட்டது.

ஆனால் அந்த மருத்துவமனையின் கத்திக்கு எட்டாத ஒரு நோய் இருந்தது. இடுப்பில் தூக்கி வரப்படும் சிறு குழந்தைகள்; மெலிந்த உடல், வயிற்றுப்போக்கு, கண்ணைத் திறக்க மாட்டாத வேதனை. இமையை விலக்கிப் பார்த்தால் கருவிழி பளபளப்பிழந்து மங்கிக் கிடக்கும். சிலருக்கு அது நைந்து கரைந்தே போயிருக்கும். அக்கண்ணில் இனிப் பார்வை திரும்பாது.

இந்நோய்க்கு மேலை மருத்துவர்கள் இட்ட பெயர் 'ஸெரோஃப்தால்மியா'. கிரேக்க மொழியில் இதன் பொருள் 'உலர்ந்த கண்' என்பதேயாகும். அது படிப்படியாக வரும் நோய். முதலில் மாலைக்கண்: பொழுது சாய்ந்ததும் குழந்தை தடுமாறும், விளையாட மறுத்து ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும். அடுத்து வெண்விழி பளபளப்பிழந்து, சுருக்கம் விழுந்த தோல்போல் ஆகும். அதன்மேல் சோப்பு நுரைபோன்ற வெண்திட்டுகள் படியும். 1863இல் அவற்றை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் பித்தோ என்பவரின் பெயராலேயே அவை இன்றும் அழைக்கப்படுகின்றன. இந்த நிலைவரை மீட்சி எளிது. இதைத் தாண்டிக் கருவிழி உலர்ந்துவிட்டால், மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் எண்ண வேண்டிய அவசரம். கருவிழி நைந்துவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

எழும்பூர் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ஆர். ஈ. ரைட், தென்னிந்தியாவில் கருவிழி நைந்துபோகும் இந்நோயைப் பற்றி 1922இல் பிரிட்டனின் கண் மருத்துவ இதழில் எழுதினார். கண்ணில் விடும் எந்த மருந்தும் இதை நிறுத்தவில்லை. காரணம், நோய் கண்ணில் தொடங்கியதே அல்ல. அது குழந்தையின் தட்டில் தொடங்கியிருந்தது.

டென்மார்க்கின் வெண்ணெயும் குன்னூரின் ஆய்வுக்கூடமும்

உணவுக்கும் உலர்ந்த கண்ணுக்கும் உள்ள தொடர்பை உலகுக்கு விளக்கியவற்றுள் ஒன்று டென்மார்க் நாட்டின் அனுபவம். முதல் உலகப் போர்க் காலத்தில் அந்நாடு தன் வெண்ணெயை நல்ல விலைக்கு வெளிநாடுகளுக்கு விற்றது. உள்நாட்டு ஏழைக் குழந்தைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பாலும் செயற்கை வெண்ணெயுமே மிஞ்சின. வெண்ணெய் பெருகிய நாட்டில் குழந்தைகள் குருடாயினர். கோபன்ஹேகனைச் சேர்ந்த மருத்துவர் கார்ல் ப்ளாக், ஒரு குழந்தைகள் இல்லத்தில் முழுப்பால் பெற்ற குழந்தைகளின் கண்கள் நலமாக இருந்ததையும், பாலின்றிக் கஞ்சியும் செயற்கை வெண்ணெயும் உண்ட குழந்தைகளின் கண்கள் உலர்ந்ததையும் ஒப்பிட்டுக் காட்டினார். 1917இன் இறுதியில் போரின் முற்றுகையால் வெண்ணெய் ஏற்றுமதி நின்றது. வெண்ணெய் உள்நாட்டிலேயே பங்கிடப்பட்டது. அடுத்த ஆண்டே அந்தக் கண் நோய் ஏறக்குறைய மறைந்துபோனது. ஒரு நாடு தன் குழந்தைகளுக்கு உரியதை விற்றபோது பார்வை போயிற்று. அது தட்டுக்குத் திரும்பியபோது பார்வை நிலைத்தது. வாணிபம் செய்யும் எந்தச் சமூகமும் மறக்கக் கூடாத செய்தி இது.

அதற்குச் சற்று முன்னர், 1913இல், அமெரிக்காவில் மெக்கால்லமும் டேவிஸும் ஒருபுறம், ஆஸ்பார்னும் மெண்டலும் மறுபுறம், வெண்ணெயிலும் முட்டை மஞ்சள் கருவிலும் வளர்ச்சிக்கு இன்றியமையாத ஏதோ ஒன்று இருப்பதை எலிகளைக் கொண்டு கண்டறிந்திருந்தனர். அதுவே பின்னர் வைட்டமின் ஏ என்று பெயர் பெற்றது.

நம் நாட்டில் இந்த அறிவு வேர்விட்ட இடம் நீலகிரியின் குன்னூர். 1918இல் அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் ஒரே ஓர் அறையில் உணவு ஆய்வைத் தொடங்கினார். நாளடைவில் அது ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1935இல் அதன் இயக்குநராக வந்த அய்க்ராய்ட், இந்திய உணவுகளின் சத்துகளை அளந்து பட்டியலிட்டார். நாம் இன்று முருங்கைக் கீரையில் என்ன இருக்கிறது, கேழ்வரகில் என்ன இருக்கிறது என்று எண்களோடு பேசுவதற்கு அந்தப் பட்டியலே தொடக்கம். இதே ஆய்வுக்கூடம்தான் 1958இல் ஹைதராபாதுக்குச் சென்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

குன்னூரின் அய்க்ராய்டும் எழும்பூரின் ரைட்டும் ஒன்றுசேர்ந்தனர். கருவிழி நைந்துகொண்டிருந்த குழந்தைகளுக்குச் செம்பனை எண்ணெயை மருந்தாகக் கொடுத்துப் பார்த்து, அதன் பலனை 1937இல் வெளியிட்டனர். இறக்குமதியாகும் மீன் ஈரல் எண்ணெய்க்கு ஈடாக, செடிகொடிகளிலிருந்து கிடைக்கும் மலிவான பொருள் ஒன்றும் கண்ணைக் காக்க முடியும் என்பதே அந்த ஆய்வின் செய்தி. கண் மருத்துவர் உணவு ஆய்வாளரைத் தேடிச் சென்ற அந்த இணைப்பில்தான் தெளிவு பிறந்தது.

மதுரையின் அடுப்படி

அறிவு பிறந்தாலும் அது வீடுகளைச் சேர நாளாயிற்று. விடுதலைக்குப் பின்னும் கிராமங்களில் குழந்தைகள் கண்ணிழந்துகொண்டிருந்தனர். மணல்வாரி என்னும் தட்டம்மை வந்தால் உடலிலிருக்கும் வைட்டமின் ஏ வேகமாகக் கரைந்துவிடும். அந்த வேளையில் பத்தியம் என்ற பெயரில் குழந்தையின் உணவையும் குறைத்துவிட்டால், அம்மை இறங்கும்போது கண்ணும் போய்விடும். இவ்வாறு, அன்போடு காத்த கைகளே அறியாமல் கேடு செய்த வீடுகள் எத்தனையோ.

மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை வகித்த டாக்டர் கோ. வெங்கடசாமி, இக்குழந்தைகளுக்காக அரசு மருத்துவமனையில் ஓர் ஊட்டச்சத்து மறுவாழ்வு நிலையத்தை ஏற்படுத்தினார். ஆக்ஸ்போர்டில் கண்ணின் உயிர்வேதியியலை ஆராய்ந்து ஓய்வுபெற்ற ஆன்டனெட் பிரீ என்னும் அம்மையார், 1970களில் தமிழகத்துக்கு வந்து அவரோடு இணைந்து பணியாற்றினார். நிலையத்தின் வழி எளிமையானது: குழந்தையோடு தாயும் தங்க வேண்டும், ஊரில் கிடைக்கும் பருப்பையும் கீரையையும் கொண்டு தாயே சமைக்கக் கற்க வேண்டும், தன் குழந்தையின் கண் தெளிவதைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும். திரும்பிச் செல்லும் தாய் வெறுங்கையோடு செல்லவில்லை. ஊருக்கே சொல்லக்கூடிய ஓர் அறிவோடு சென்றாள். 1976இல் இந்த அனுபவம் உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழான லான்செட்டில் வெளிவந்தது.

அதே ஆண்டில், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் வெங்கடசாமி, பதினோரு படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் சென்னைக் கிளை 2017 முதல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பல் பகுதியில் இயங்கிவருகிறது. ஐயப்பன்தாங்கல் குடும்பங்களுக்கு அது அண்டைவீடு போன்ற தொலைவு. அங்கே காத்திருக்கும் நம்மவர், அந்த நிறுவனத்தை உருவாக்கியவர் குழந்தைகளின் உலர்ந்த கண்களுக்காக அடுப்படியிலும் நின்றவர் என்பதை அறிந்துகொள்வது நல்லது.

வாரம் ஒரு சிறு அளவு

1980களில் இந்த வரலாறு எதிர்பாராத திருப்பம் கண்டது. இந்தோனேசியாவில் பணியாற்றிய ஆல்ஃப்ரட் சோமர், மாலைக்கண்ணும் வெண்திட்டும் உடைய குழந்தைகள் கண்ணிழப்பதற்கு முன்பே மற்றக் குழந்தைகளைவிட மிகுதியாக இறந்துபோவதைக் கவனித்தார். சுமத்ராவின் அச்சே பகுதியில் 450 கிராமங்களில் நடந்த ஆய்வில், வைட்டமின் ஏ கொடுத்த கிராமங்களில் குழந்தை இறப்பு 34 விழுக்காடு குறைந்ததாக 1986இல் அறிவித்தார். பலர் நம்பவில்லை. இவ்வளவு சிறிய பொருளுக்கு இவ்வளவு பெரிய பலனா என்று ஐயுற்றனர்.

ஐயத்துக்கு விடை சொன்ன ஆய்வுகளுள் முக்கியமான ஒன்று தமிழகத்தில் நடந்தது. மதுரை அரவிந்த் நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் லைலா ரஹ்மத்துல்லா தலைமையில், திருச்சி மாவட்டத்தில், பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டாத 15,419 குழந்தைகள் ஓராண்டு கண்காணிக்கப்பட்டனர். ஒரு பாதியினருக்கு வாரந்தோறும் வைட்டமின் ஏ சிறிய அளவில் வழங்கப்பட்டது. அந்த அளவு, ஒரு குழந்தை நல்ல உணவிலிருந்து இயல்பாகப் பெறக்கூடியதுதான். சுகாதாரப் பணியாளர்கள் வாரந்தோறும் வீடுவீடாகச் சென்று அதைக் கொடுத்தனர். ஆண்டு முடிவில், அதைப் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு, பெறாதவர்களிடையே இருந்ததில் பாதிக்கும் குறைவாக இருந்தது. 1990இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் இதை வெளியிட்டது. நம் பெண் பிள்ளைகள் மருத்துவம் படிக்க வேண்டுமா என்று கேட்போருக்குச் சொல்ல, நாம் நினைவில் வைக்க வேண்டிய பெயர் இது.

பின்னாளில் உத்தரப் பிரதேசத்தில் நடந்த மிகப் பெரிய ஆய்வு ஒன்று, இத்தகைய பெரும்பலனைக் காணவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குறைபாடு எங்கே கடுமையோ அங்கேதான் மருந்தின் பலனும் பெரிதாக இருக்கும் என்று எண்ண இடமுண்டு. உடலுக்குத் தேவையானதைக் கொடுப்பது வேறு. தேவைக்கு மேல் திணிப்பது வேறு.

இந்திய அரசு 1970 முதலே குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ வழங்கும் திட்டத்தை நடத்திவருகிறது. இன்றைய முறைப்படி, ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசியோடு முதல் தவணை. பிறகு ஐந்து வயது நிறையும்வரை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை. அங்கன்வாடிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இது இலவசம். தமிழகத்தின் மதிய உணவுத் திட்டமும், 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், பரவலான தடுப்பூசியும் சேர்ந்து, ஒருகாலத்தில் எழும்பூரை நிறைத்த அந்தக் காட்சியை அரிதாக்கிவிட்டன. ஆனால் தவணை முறை புரியாமலும், வேலைக்காக ஊர் மாறும்போது அட்டையைத் தவறவிட்டும் குழந்தைகளை விட்டுவிடும் குடும்பங்கள் நம்மிடையே இன்றும் உண்டு.

இன்றைய வறட்சி

இனி நம் காலத்துக்கு வருவோம். இன்று ஐயப்பன்தாங்கலில் உறுத்தும் கண் பெரும்பாலும் பசியால் உலர்ந்த கண் அன்று. அதை அறியாமல், கண் எரிகிறது என்றதும் கேரட்டையும் வைட்டமின் மாத்திரையையும் நாடுவோர் பலர். நன்றாக உண்பவருக்கு மேலும் வைட்டமின் ஏ கொடுப்பதால் இந்த எரிச்சல் தீராது. அளவு மிஞ்சினால் அது ஈரலுக்குக் கேடு. கருவுற்ற பெண்களுக்கு மிகவும் ஆபத்து. பழைய நோயின் விடையைப் புதிய நோய்க்கு அப்படியே பொருத்துவதும் அறியாமையே.

கண்ணீர் என்பது வெறும் நீரன்று. வெளியே மெல்லிய எண்ணெய்ப் படலம், நடுவே நீர், உள்ளே கண்ணோடு ஒட்டும் கோழைப் படலம் என அது மூன்றாக அமைந்தது. எண்ணெயை இமை விளிம்பிலுள்ள நுண் சுரப்பிகள் தருகின்றன. 1666இல் அவற்றை விவரித்த ஜெர்மானியர் மெய்போமின் பெயர் அவற்றுக்கு உண்டு. வைட்டமின் ஏ குறைந்தால் அழிவது உள்ளே இருக்கும் கோழைப் படலம். இன்றைய நகரவாசியிடம் பெரிதும் குலைவது வெளியே இருக்கும் எண்ணெய்ப் படலம். அது குலைந்தால் கண்ணீர் விரைவில் ஆவியாகிவிடும். இரண்டும் வறட்சிதான், ஆனால் வேர் வேறு.

இயல்பாக நாம் நிமிடத்துக்குப் பதினைந்து முறை வரை இமைக்கிறோம். திரையை உற்று நோக்கும்போது அது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. இமைப்பும் முழுமையாக மூடுவதில்லை. இமைக்கும்போதுதான் எண்ணெய் பிழியப்பட்டுக் கண்ணெங்கும் பரவுகிறது. எனவே இமைக்க மறந்தவனின் கண் உலர்கிறது. முகத்தில் நேராக அடிக்கும் மின்விசிறி, குளிரூட்டி, புகை, புழுதி ஆகியவை அதை மேலும் கூட்டுகின்றன. வயது முதிர்ந்தோரின் கண்ணில் ஓயாமல் நீர் வடிவதும் பல வேளைகளில் வறட்சியின் அறிகுறியே. உறுத்தலைத் தாங்காமல் கண் அள்ளிக் கொட்டும் நீர் அது, நிலைத்து நின்று காக்கும் நீரன்று.

வேர் உடலின் வேறு பகுதியிலும் இருக்கலாம். 1933இல் ஸ்வீடன் மருத்துவர் ஹென்றிக் ஷோக்ரன், கண்ணும் வாயும் உலர்ந்து மூட்டுகளும் வலித்த பெண்களை ஆராய்ந்து, இவை ஒரே நோயின் பல முகங்கள் எனக் காட்டினார். மாதவிடாய் நின்ற வயதிலுள்ள பெண்களிடம் கண் வறட்சி மிகுதி. நீரிழிவு, தைராய்டு கோளாறு, ஒவ்வாமைக்கும் மன அழுத்தத்துக்கும் உண்ணும் சில மாத்திரைகள், தொடுவில்லை ஆகியவையும் காரணமாகும். நம் வீடுகளில் அன்னையர் "கண் எரிகிறது, வாய் உலர்கிறது, மூட்டு வலிக்கிறது" என்று மூன்று நாட்களில் மூன்று குறைகளாகச் சொல்வார்கள். மூன்றையும் சேர்த்துக் கேட்பார் இல்லை. சேர்த்துக் கேட்டு மருத்துவரிடம் சொல்வது பிள்ளைகளின் கடமை. ஷிர்மர் என்பவர் 1903இல் வகுத்த சோதனை இன்றும் வழக்கில் உள்ளது: கீழிமையின் ஓரத்தில் ஒரு சிறு காகிதப் பட்டையை ஐந்து நிமிடம் மாட்டி, அது எவ்வளவு நனைகிறது என்று அளப்பார்கள். அச்சம் தேவையில்லாத எளிய சோதனை.

வீட்டில் செய்யத்தக்கவை

திரை முன் அமர்வோர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தொலைவிலுள்ள ஒன்றை இருபது நொடி நோக்கி, முழுமையாக இமைத்துப் பழகட்டும். திரை கண்மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக இருந்தால் கண் குறைவாகத் திறந்திருக்கும், ஈரமும் நிற்கும். விசிறியின் காற்று முகத்தில் நேராகப் படாமல் படுக்கையை மாற்றுங்கள். வண்டி ஓட்டும்போது தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

இமை விளிம்பில் எண்ணெய் அடைபட்டிருந்தால், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த தூய துணியை மூடிய கண்கள்மீது ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, பின் இமையை மென்மையாகத் தடவித் தூய்மை செய்வது நல்ல பலன் தரும். ஒளுவின்போது முகம் கழுவுவது புழுதியை நீக்கும். ஆனால் கண்ணைத் திறந்து உள்ளே நீரை அடித்துக் கழுவினால் இருக்கும் கண்ணீர்ப் படலமும் கலைந்துபோகும். இமையை மூடிக் கழுவுவதே போதும்.

செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது. ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால், கெடாமலிருக்க வேதிப்பொருள் சேர்க்காத வகையை மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் கடையில் வாயால் கேட்டு வாங்கும் 'சிவப்பு போக்கும்' சொட்டுகளைத் தவிருங்கள். அவற்றுள் ஸ்டீராய்டு கலந்தவை உடனடி சுகம் தரும்; நாட்பட்டால் கண் நீர் அழுத்த நோயையும் புரையையும் கொண்டுவரும். அந்த அழுத்த நோயால் போன பார்வை மீளாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் என்று கண்ணில் இடுவதும் கிருமித் தொற்றுக்கு வழி.

சுர்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இஸ்மித் என்னும் அஞ்சனக் கல்லின் சுர்மா நபிவழியில் போற்றப்பட்டது என்பதை நாம் அறிவோம். ஆனால் இன்று கடைகளில் அப்பெயரில் விற்பவற்றுள் பல, ஈயம் கலந்த கனிமப் பொடியே எனச் சோதனைகள் காட்டியுள்ளன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. எதனால் ஆனது என்று தெரியாத பொடியைப் பிறந்த குழந்தையின் கண்ணில் இடுவது சுன்னத்தைப் பேணுவதாகாது.

ரமலான் மாதத்தில் கண் சொட்டுகளை முற்றிலும் நிறுத்திவிடுவோர் பலர். நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளின்படியும் கண்ணில் விடும் மருந்து நோன்பை முறிக்காது. ஐயமுடையோர் தம் ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம். மருத்துவரிடம் கேட்டு, சொட்டு விடும் நேரங்களை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றியமைக்கவும் இயலும். எதுவும் கேளாமல் ஒரு மாதம் நிறுத்துவதுதான் ஆபத்து. கண் நீர் அழுத்த நோயுள்ளோருக்கு இது பார்வை தொடர்பான செய்தி.

கடும் வலி, வெளிச்சம் தாங்காமை, திடீரெனப் பார்வை மங்குதல், கருவிழியில் வெண்புள்ளி, பொழுது சாய்ந்ததும் குழந்தை தடுமாறுதல் ஆகியவற்றுள் ஏதேனும் தெரிந்தால் கைவைத்தியத்தில் ஒருநாளும் கடத்தாதீர்கள். வளரும் குழந்தையின் தட்டில் முருங்கை, பொன்னாங்கண்ணி, முட்டை, பப்பாளி, மாம்பழம் இருக்கட்டும். கீரையின் சத்து உடலில் சேரச் சிறிது எண்ணெய் வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். அம்மை வந்த குழந்தைக்கு உணவைக் குறைக்காதீர்கள். தட்டம்மையின்போது வைட்டமின் ஏ தனியாகக் கொடுக்கப்பட வேண்டும், அதை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள்.

முடிவாக

எழும்பூர் மருத்துவர் தன் சொட்டுமருந்துக் குப்பியைத் தாண்டிக் குன்னூரை நோக்கினார். டென்மார்க்கின் மருத்துவர் குழந்தையின் கண்ணைத் தாண்டி அதன் கிண்ணத்தை நோக்கினார். மதுரையில் மருத்துவமே அடுப்படிக்குச் சென்றது. திருச்சியில் அது வீட்டுவாசலுக்கே வந்தது. இவர்களில் யாரும் அரிய பொருள் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. வெண்ணெயும் கீரையும் எண்ணெயும் முன்னரே இருந்தவைதாம். எங்கே பார்க்க வேண்டும் என்பதைத்தான் கண்டறிந்தனர்.

நம் வீட்டிலும் ஒருவர் கண்ணைக் கசக்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி, "எந்தச் சொட்டு?" என்பதன்று. "எவ்வளவு நேரம் திரை? எங்கிருந்து காற்று? என்ன மருந்து உண்கிறீர்கள்? வேறெங்கே வலிக்கிறது? தட்டில் என்ன இருக்கிறது?" என்பவையே. இரு கண்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். குழந்தையின் கண்களோ நம்மிடம் இருமடங்கு அமானிதம். ஐந்து வயது நிறையாத பிள்ளை வீட்டில் இருந்தால், அதன் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்து, வைட்டமின் ஏ தவணை எதுவரை வந்திருக்கிறது என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.

வல்ல இறைவன் நம் பார்வையையும் நம் பிள்ளைகளின் பார்வையையும் காத்தருள்வானாக.